பங்களா அர்ச்சனை

கனகம் வருகிறார் என்று தெரிந்த வெள்ளிக்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தேன். பூச்சாடியை இடம் மாற்றினேன், பிடிக்காமல் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். சமையல்காரர் ஜெஸீம் குசினி வாசலில் நின்று, "என்ன கம்சலா, கால்ல எறும்பு ஏறிருச்சா?" என்று கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

கனகம் என்பவர் முதலாளியின் மனைவி. முதலாளி சண்முகராஜாவுக்குப் பதுளை பஜாரில் இரண்டு மாடித் துணிக்கடை இருக்கிறது. பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியதும் அவர்தான். நான் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். உயர்தரம் வரை படித்து, ஆங்கிலத்தையும் ஒப்பேற்றிக்கொண்டு, இந்த விடுதியில் விருந்தினரைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடமாக அவருக்கு இன்னொன்றாகவும் இருக்கிறேன். அதற்கு ஆங்கிலத்தில் நாசூக்கான சொற்கள் நிறைய உண்டு. தமிழில் என்ன சொல்வார்கள் என்று பெண்கள் தண்ணீர் பிடிக்கிற எங்கள் லயத்துப் பைப்படியில் போய் நின்றால் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வருடமும் அவர் ஒரே வாக்கைத்தான் கொடுத்தார். தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா முடியட்டும், கனகத்திடம் நானே சொல்லிவிடுகிறேன், பண்டாரவளையில் ஒரு வீடு பார்த்து உன்னை ஊரறிய வைக்கிறேன் என்பார். இந்த வருடம் அதோடு ஒன்று கூடுதலாகச் சொன்னார். "இந்தத் தடவ அவளையே கூட்டிக்கிட்டு வாறேன். அவ இங்க வந்து பாத்துட்டா, பேசுறது எனக்கு லேசு. ரெண்டு நாளைக்கு மட்டும் நீ வேலைக்காரப் புள்ள மாதிரி இரு, என்ன?" நான் தலையாட்டினேன். அவர் சொல்லிவிட்டால் எனக்கு ஒரு பெயர் கிடைக்கும். சொல்லாமலே விஷயம் வெடித்தால் வேலையும் போகும், அம்மா நாளைக்குக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நாலு பேர் முன்னால் நிற்கவும் முடியாது. நடுவில் ஒன்றும் இல்லை.

'வேலைக்காரப் புள்ள மாதிரி' என்றதும் எனக்கு ஹெஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

பங்களா ஹாலில் கணப்புக்கு மேலே ஆளுயரப் படம் ஒன்று தொங்குகிறது. நீலப் பட்டு உடுப்பு, மாவு பூசின கொண்டை, யாரையும் மதிக்காத பார்வை. முந்நூறு வருடத்துக்கு முந்தின இங்கிலாந்துச் சீமாட்டி. பெயர் லேடி ஹெஸ்டர். யாரோ ஒரு துரை, அவள் எங்கள் வம்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு மாட்டிவைத்துவிட்டுப் போன நகல் அது. பின்னேரம் நாலு மணிக்குத் தேநீர் பரிமாறும்போது அவள் கதையை விருந்தினருக்குச் சொல்வது என் வேலை. பத்தொன்பது வயதில் அரண்மனைக்கு வந்தாள். புருஷன் குடிகாரப் பிரபு. இளவரசர் கண்ணில் பட்டாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவள் கேட்டது நடந்தது, அவள் உடுத்தியதை லண்டனே உடுத்தியது. முதலாளி அச்சடித்துக்கொடுத்த அட்டையில் கதை அதோடு முடிகிறது.

முடியவில்லை என்று எனக்குத் தெரியும். போன வருடம் தங்கிய ஒரு வயதான ஆங்கிலேயப் பெண், ஊருக்குப் போய் எனக்கு நாலு பக்கம் அனுப்பிவைத்தார். இளவரசர் ராஜாவாகிக் கல்யாணமும் செய்துகொண்டதும் ஹெஸ்டரை அனுப்பிவிடவில்லையாம். புது ராணிக்கே பணிப்பெண்ணாக வைத்தார்களாம். தினமும் காலையில் ராணி கை கழுவ, இவள் முழங்காலிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்த வேண்டும். அரண்மனை ஏடுகள் எதிலும் அவள் பெயர் இல்லை. துவாலை ஏந்தும் பெண்களின் பட்டியலில் மட்டும் ஒரே ஒரு தடவை இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது. கிண்ணத்தை ராணி தலையில் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று இருந்தது.

அம்மா ஒரு தடவை பங்களாவுக்கு வந்தபோது படத்தைப் பார்த்து, "யாரு புள்ள இந்தத் தொரசாணி?" என்று கேட்டாள்.

"ராசா வச்சிருந்தவ."

"அதுக்கா இம்புட்டுப் பெரிய படம்? நம்ம லயத்துல அப்படி ஒருத்தி இருந்தா படத்தையா மாட்டுவாங்க? செருப்பத்தான் மாட்டுவாங்க" என்று சிரித்தாள் அம்மா. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

கனகம் சனிக்கிழமை மத்தியானம் வந்தார். பசறைக்கு மேலே வளைவுகளில் தலை சுற்றி, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இறங்கினார். சொந்தத் தலையணையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் கற்பனை செய்துவைத்திருந்த ஆள் இவர் இல்லை. பருமனாக, கழுத்தில் நகையைக் குவித்துக்கொண்டு, வேலைக்காரர்களை விரட்டுகிற ஒருத்தியை நான் நான்கு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வந்ததோ மெலிந்த, களைத்த, குரல் உயராத மனுஷி. திட்டுவதற்கு வசதியாக இல்லாததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாலு மணிக்கு முதலாளி கோயில் பக்கம் போய்விட்டார். கனகம் தேநீரை ஊதிக்கொண்டே படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வெள்ளைக்காரங்களுக்குச் சொல்ற கதைய எனக்கும் சொல்லு புள்ள."

தமிழில் அந்தக் கதையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் மணமணக்கிற கதை தமிழில் சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது. அட்டை முடிகிற இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே. கிண்ணம் ஏந்தினது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

"அந்த ராணிக்குத் தெரியுமா, இவ யாருன்னு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா கை கழுவினா?"

"ஆமாங்கம்மா."

கனகம் கோப்பையை வைத்தார். "நானா இருந்தா மெதுவாக் கழுவியிருப்பேன்" என்றார். "ஒவ்வொரு விரலா."

இவருக்குத் தெரியுமா, தெரியாதா? அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி என்னை விரட்டியது. சாப்பாட்டு நேரத்தில் அது இன்னும் மோசமானது. எங்கள் விடுதியில் மேசைக்கே பித்தளைக் கிண்ணமும் சுடுதண்ணீரும் கொண்டுபோய்க் கை கழுவ வைப்பது ஒரு வழக்கம். வெள்ளைக்காரர்கள் அதைப் படம் எடுப்பார்கள். அன்று நான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கனகத்தின் பக்கத்தில் நின்றேன். முதலாளி எதிரே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனகம் சாதாரணமாகத்தான் கழுவினார். எனக்குத்தான் ஒவ்வொரு விரலும் ஒரு மணி நேரமாக இருந்தது.

கழுவிக்கொண்டே கேட்டார், "நாளைக்குக் கோயில்ல நம்ம பேருக்கு அர்ச்சனை உண்டாமே?"

"ஆமாங்கம்மா. முதல் அர்ச்சனை எப்பவும் பங்களாவுக்குத்தான்."

அது எங்கள் தோட்டத்து வழக்கம். வெள்ளைக்காரத் துரை காலத்தில் துரை பெயரையும் துரைசாணி பெயரையும் வாசித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. வெள்ளைக்காரனுக்கு ஏது நட்சத்திரம்? அவன் தோட்டத்துக்கு வந்திறங்கிய நாளைப் பார்த்து அந்தக் காலத்துப் பூசாரியே ஒன்றை வைத்துவிட்டாராம். இப்போது துரையும் இல்லை, பங்களா முதலாளி கையில். அவர் பெயர், அவர் மனைவி பெயர். ஒலிபெருக்கியில் மலை முழுக்கக் கேட்கும்.

"என்னோடது மூல நட்சத்திரம்" என்றார் கனகம். "பொண்ணுக்கு மூலம்னா மாமனாருக்கு ஆகாதுன்னு மூணு இடம் தட்டிப்போச்சு. இவங்க வீட்டுலயும் வேணாம்னுதான் சொன்னாங்க. இவருதான் கட்டினா இவளத்தான்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

முதலாளி போனிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்றார். கிண்ணத்துத் தண்ணீர் மேசை விரிப்பில் சிந்தியது.

ஏன் சிந்தியது என்று சொல்லிவிடுகிறேன். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் எழுதின துண்டைப் பூசாரியிடம் கொடுப்பது பங்களாவில் என் வேலை. முதல் வருடம் முதலாளிக்குப் போன் போட்டு, கனகம் அம்மாவுடைய நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். கடையில் ஆட்கள் நின்றார்கள் போல. "ஏதாவது ஒண்ணப் போடு" என்று வைத்துவிட்டார். நான் போட்டேன். சண்முகராஜா, சதயம். கனகம், ரேவதி. ரேவதி என் நட்சத்திரம்.

பெயர் கனகத்துடையதாக இருக்கட்டும், என் நட்சத்திரமாவது முதலாளி பக்கத்தில் நிற்கட்டும் என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? அம்மனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். பழகின புதிதிலேயே என் நட்சத்திரத்தை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். "நல்லாருக்கே" என்று அவரும் சொல்லியிருக்கிறார். பூசாரி 'ரேவதி' என்று வாசித்தபோது அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மூன்று திருவிழாவிலும் சரியாக அந்த இடத்தில் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடத்தையும் ஓட்டினேன். ஹெஸ்டரைத் திட்டின எனக்கு அது மட்டும் பெரிய காரியமாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இந்த வருடத் துண்டையும் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன். அதே ரேவதி.

ஞாயிறு காலை பனி விலகுவதற்குள் கோயிலுக்கு ஓடினேன். ஈரமான படிக்கட்டில் இரண்டு தடவை வழுக்கினேன். பூசாரி அழகையா வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். புதுத் துண்டை நீட்டினேன். சண்முகராஜா, சதயம். கனகம், மூலம்.

"பழையதுல பிழை இருக்கு பூசாரி. இதத்தான் வாசிக்கணும்."

"சரி தாயி, சரி" என்று வாங்கி, பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டார். "துண்டே வேணாம் எனக்கு. மூணு வருசமா வாசிக்கிறேன், மனப்பாடம்."

"மனப்பாடம் வேணாம். துண்டப் பாத்து வாசிங்க. மறந்துறாதீங்க."

"நீ போ தாயி. தலைக்கு மேல வேல கெடக்கு."

பதினொரு மணிக்குப் பால்குடம் வந்து சேர்ந்தது. தப்பு அடிக்கிறவர்கள் ஓய்ந்தார்கள். முன் வரிசையில் முதலாளி தலையில் பரிவட்டத்தோடு நின்றார், பக்கத்தில் கனகம், இரண்டடி தள்ளி அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு நான். எங்களுக்குப் பின்னால் லயத்துச் சனம். அதில் அம்மாவும் தன் தட்டோடு நின்றாள். எனக்கு நேர் பின்னால் ஸ்டூல் போட்டு அதில் ஏறி நின்றார் பசறை ஸ்டூடியோக்காரர் ஸனூஸ். திருவிழாப் படம் எப்போதும் அவர்தான் எடுப்பார்.

பூசாரி தட்டை வாங்கினார். மைக்கை வாய்க்குக் கிட்ட வைத்தார். அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அந்தப் பக்கம் போகவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

"சண்முகராஜா நாமதேயஸ்ய, சதய நட்சத்திரே. கனகம் நாமதேயஸ்ய, ரேவதி நட்சத்திரே..."

நாலு கூம்பு ஸ்பீக்கரிலும் அது போய் எதிர்மலையில் முட்டித் திரும்பியது. முதலாளி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். என் தலைக்கு மேலே ஸனூஸின் கமரா 'க்ளிக்' என்றது. அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். மூன்று வருடமும் ஸனூஸ் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறார். முதலாளி சிரித்தது கமராவுக்கு.

"நிறுத்துங்க பூசாரி" என்றார் கனகம். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. "என்னோடது ரேவதி இல்ல."

பூசாரி விழித்தார். பிறகு இடுப்பைத் தடவித் துண்டை எடுத்துப் பார்த்து, "ஐயோ, ஆமா தாயி, மூலம்னுதான் இருக்கு. காலையிலயே கம்சலா வந்து மாத்திக் குடுத்துச்சு. மூணு வருசமா ரேவதின்னு வாசிச்ச பழக்கம்" என்றார்.

"மூணு வருசமாவா?" கனகம் புருஷனைப் பார்த்தார். "மூணு வருசமா நீங்க இங்க நின்னு கேட்டுக்கிட்டுத்தானேங்க இருந்தீங்க?"

"எழுதினவங்க பிழை. விடு கனகம், சனம் பாக்குது."

"இந்த மூலத்துக்காகத்தானேங்க ஒத்தக் கால்ல நின்னீங்க? அது மறந்துபோச்சா?" அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டார். "சரி. ரேவதி யாரோடது?"

"எனக்கென்ன தெரியும்?"

பொய் சொல்லும்போது முதலாளி கைக்கடிகாரத்தின் வாரை இழுத்துவிடுவார். நான்கு வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அவர் கை இப்போது வேட்டி மடிப்பில் சும்மா கிடந்தது. முகத்தில் எரிச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. மனுஷன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. நான் பயந்ததெல்லாம் அவர் மறைத்துவிடுவாரோ என்றுதான். மறைப்பதற்கே அவரிடம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கனகத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நேற்றுப் படத்தைப் பார்த்தது போலவே என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"உன் நட்சத்திரம் என்ன புள்ள?"

இருபத்தேழு இருக்கிறது. எதைச் சொன்னாலும் தப்பித்திருப்பேன். அம்மா பின்னால் நிற்கிறாள். பரணி என்றால் முடிந்தது, உத்திரம் என்றாலும் முடிந்தது. வேலை இருக்கும், கிண்ணம் ஏந்தலாம், அடுத்த வருடம் பண்டாரவளை வீட்டுக்குக் காத்திருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது. சத்தியமாக அலுத்துவிட்டது.

"ரேவதிங்கம்மா" என்றேன்.

முதலாளி அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். புதிதாகக் கேட்கிறவர் போலத்தான் பார்த்தார். பிறகு கை கடிகார வாருக்குப் போனது.

கனகம் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பூசாரியைப் பார்த்து, "நட்சத்திரம் சரியாத்தான் இருந்திருக்கு. பேருதான் பிழை" என்றார். சொல்லிவிட்டு, பரிவட்டக்காரரை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்புக் கிடந்த பக்கமாக நடந்தார்.

பூசாரி எதுவும் விளங்காமல் என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத யார் பேருக்கு வாசிக்கிறது?"

"கனகம் அம்மாவுக்கு மூலம்னு வாசிங்க. அது முடிஞ்சு எனக்கு வாசிங்க. கம்சலா, ரேவதி. தனியா. யார் பேரோடயும் சேக்க வேணாம்."

"தனி அர்ச்சனைன்னா தட்டு வேணுமே தாயி."

என்னிடம் தட்டு இல்லை. கையில் இருந்தது பங்களாத் தட்டு, அதுவும் பூசாரியிடம் போய்விட்டது. வெறும் கையோடு அத்தனை பேர் முன்னால் நின்றேன். பின்னாலிருந்து யாரோ சனத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மா. தன் தட்டைப் பூசாரியிடம் நீட்டினாள். ஒரு தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசாரி வாசித்தார். என் பெயர் நாலு ஸ்பீக்கரிலும் போனது. அதில் ஒன்று எப்போதும் பங்களாவைப் பார்த்துத்தான் கட்டியிருக்கும். ஹெஸ்டருக்கும் கேட்டிருக்கும்.

தேங்காயை உடைத்துப் பாதி மூடியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினேன். அவள் தட்டை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

"வீட்டுக்கு வா" என்றாள். "உன்னைய அங்க வச்சுப் பேசிக்கிறேன்."